ஒரு குழலுக்கு எத்தனை பெயர்!

மொழிபெயர்ப்பு என்றால் என்ன? ஒரு மொழியின் சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு மொழியின் சொல்லை வைப்பதுதானே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சென்ற கல்வியாண்டின் இறுதிவரை நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். இளநீர்க் கடையில் நம் கையில் கொடுக்கும் ஒரு சின்னஞ்சிறு குழல் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அந்த நிகழ்ச்சியையும், அதனால் எங்களுக்கு உண்டான கருத்தையும் இம்மலரின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நம் பள்ளியை நடத்தும் சபையைச் சேர்ந்த சகோதரிகள் இருவர் தென்னமெரிக்காவுக்குப் பணிபுரியப் புறப்பட இருந்தார்கள். ஒருவர் பெரு நாட்டுக்கு, மற்றவர் கொலம்பியாவுக்கு. இருவரும் செவிலியர்கள். அந்த இரு நாடுகளிலும் மக்களில் மிகப் பெரும்பாலோர் பேசுவது ஸ்பானிய மொழி. அங்கே போனபின் முறையான மொழிப் பயிற்சி உண்டு என்றாலும், போய் இறங்கிய அன்றே வாய் திறக்க நாலு சொல் வேண்டாமா? ஆகவே நம் தலைமை ஆசிரியை பதினோராம் வகுப்பு மாணவியராகிய எங்களை அழைத்தார்கள். "வீட்டிலும் நோயாளியின் கட்டிலருகிலும் அன்றாடம் புழங்கும் நூறு சொற்களை ஆங்கிலம், தமிழ், ஸ்பானியம் என்று மூன்று பத்தியாக எழுதிக் கொடுங்கள், பிள்ளைகளா" என்றார்கள்.

நூறு சொல்தானே! ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று துள்ளிக் குதித்தோம். நூலகத்தில் ஓர் ஆங்கில–ஸ்பானிய அகராதி இருந்தது. வீட்டில் பெற்றோரின் கைப்பேசி இருந்தது. வேறென்ன வேண்டும்?

தொடக்கத்தில் வேலை மிக இனிதாகவே நடந்தது. மேசைக்கு ஸ்பானிய மொழியில் 'மேசா'. சாவிக்கு 'யாவே'. அலமாரிக்கு 'அர்மாரியோ'. "இவையெல்லாம் நம் வீட்டுச் சொற்களாக அல்லவா இருக்கின்றன!" என்று வியந்தோம். அதன் காரணத்தைத் தமிழாசிரியை விளக்கினார்கள். மேசை, சாவி, அலமாரி, சன்னல் ஆகிய சொற்கள் 16ஆம் நூற்றாண்டு முதல் நம் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழில் கலந்தவை. போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் இலத்தீன் என்ற ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே அக்காள் வீட்டுப் பாத்திரம் தங்கை வீட்டிலும் இருக்கிறது. ஆனால் சன்னலுக்கு வந்தபோது சற்றுத் தடுமாறினோம். போர்த்துக்கீசியர் அதை 'ஜனேலா' என்கிறார்கள். ஸ்பானியரோ 'வெந்தானா' என்கிறார்கள். உடன்பிறந்தவர்களுக்குள்ளும் எல்லாம் ஒன்றாக இருப்பதில்லை என்று சிரித்துக்கொண்டு மேலே சென்றோம்.

அறுபதாவது சொல்லோ என்னவோ, 'ஸ்ட்ரா' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. தமிழில் 'உறிஞ்சுகுழல்' என்று எழுதினோம். ஸ்பானியப் பத்திக்காக அகராதியைப் புரட்டினோம். முதலில் 'பாஹா' என்றிருந்தது. எங்களுள் ஒருத்தி அதை அப்படியே எழுதிவிட்டாள். பிறகு பார்த்தால் 'பாஹா' என்பது வைக்கோல்! ஆங்கிலத்தில் வைக்கோலுக்கும் குழலுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த வினை. நோயாளிக்குப் பால் கொடுக்க வைக்கோல் கேட்பதா? அவசரமாக அடித்துவிட்டு, அதற்கு அடுத்த வரியில் இருந்த 'பாஹீத்தா' என்பதை எழுதினோம். 'சிறு வைக்கோல்' என்பது அதன் நேர்ப்பொருள். குடிக்கும் குழலுக்கு அதுவே பெயர் என்று அகராதி சொல்லியது. தவற்றைத் திருத்திவிட்டோம் என்ற பெருமிதத்துடன் பட்டியலை முடித்துக் கொடுத்தோம்.

அப்போது, பெரு நாட்டில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிவிட்டு விடுமுறையில் வந்திருந்த மூத்த சகோதரி ஒருவர் மடத்தில் தங்கியிருந்தார்கள். எங்கள் பட்டியலை அவர்களிடம் காட்டினோம். வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தவர்கள், 'பாஹீத்தா' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்கள்.

"பிள்ளைகளா, இது எந்த ஊர்ச் சொல்?"

"ஸ்பானியச் சொல், சிஸ்டர்."

"அது தெரிகிறது. எந்த ஊர் ஸ்பானியம்?"

எங்களுக்கு விடை தெரியவில்லை. ஒரு மொழிக்குள் எந்த ஊர் என்று கேட்பார்கள் என்று நாங்கள் நினைத்திருக்கவே இல்லை. அப்போது சகோதரி தம் சொந்த அனுபவத்தைச் சொன்னார்கள். அங்கு போன முதல் சில மாதங்களில், தலையைத் தூக்க முடியாத நிலையில் படுத்திருந்த ஒரு மூதாட்டிக்குப் பால் கொண்டுபோனார்களாம். மூதாட்டி, 'கன்யீத்தா', 'கன்யீத்தா' என்று மெல்லிய குரலில் கேட்டாராம். 'கன்யா' என்றால் நாணல் அல்லது பிரம்பு என்று சகோதரி புத்தகத்தில் படித்திருந்தார்கள். 'சின்னப் பிரம்பு கேட்கிறாரே, ஊன்றுகோலாக இருக்கும்' என்று எண்ணி, மூலையில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுத்துவந்து கட்டிலருகே வைத்தார்களாம். மூதாட்டி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சைகை காட்டிப் புரியவைத்த பிறகுதான், அவர் கேட்டது பால் குடிக்கும் குழல் என்று தெரிந்ததாம். அதற்குள் பால் ஆறிப்போயிருந்தது.

"அவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. இவளிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள். அதுதான் இன்றுவரை எனக்கு வருத்தம்" என்றார்கள் சகோதரி.

நாங்கள் வாயடைத்துப் போனோம். பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அதன் பின் இரண்டு வாரம் அந்த ஒரு சொல்லையே துருவினோம். நாங்கள் கண்டவற்றை இங்கே தருகிறோம். ஸ்பானிய ஒலியைத் தமிழெழுத்தில் இயன்ற அளவு காட்டியிருக்கிறோம்.

ஸ்பெயின் நாட்டில் குழலுக்குப் பெயர் 'பாஹீத்தா'. மெக்சிகோவில் 'போப்போத்தே'. கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் 'பித்தீயோ'. பெருவில் 'கன்யீத்தா' என்றும் 'சொர்பேத்தே' என்றும் வழங்குகிறது. ஈக்வடாரில் 'சொர்பேத்தே'. சிலியிலும் பொலிவியாவிலும் 'பொம்பீயா'. பனாமாவில் 'கர்ரீசோ'. கோஸ்டா ரிகா, குவாத்தமாலா முதலிய மத்திய அமெரிக்க நாடுகளில் 'பாஹீயா'. போர்ட்டோ ரிக்கோவில் 'சொர்பேத்தோ'. டொமினிக்கன் குடியரசில் 'கலிமேத்தே'. ஒரு சாண் நீளமுள்ள குழலுக்கு ஒரே மொழியில் இத்தனை பெயர்!

பெயர் பலவாக இருந்தால் குற்றமில்லை. ஒரு நாட்டுப் பெயர் மற்றொரு நாட்டில் வேறு பொருள் தருவதுதான் சங்கடம். கொலம்பியாவில் குழலைக் குறிக்கும் 'பித்தீயோ' ஸ்பெயினில் பேச்சு வழக்கில் சிகரெட்டைக் குறிக்கும். சிலியில் குழலாக இருக்கும் 'பொம்பீயா' ஸ்பெயினில் மின்விளக்குக் குமிழ். அர்ஜென்டினாவிலோ, 'மாத்தே' என்னும் இலைப் பானத்தை உறிஞ்சும் உலோகக் குழாய். ஈக்வடாரில் குழலாக இருக்கும் 'சொர்பேத்தே' ஸ்பெயினில் பழச்சாற்றை உறையவைத்த குளிர்ந்த தின்பண்டம். கொலம்பியாவில் கற்ற சொல்லோடு ஒரு செவிலியர் ஸ்பெயின் மருத்துவமனைக்குப் போனால், நுரையீரல் நோயாளிக்குச் சிகரெட் கேட்டவராக ஆகிவிடுவார் அல்லவா!

ஏன் இப்படி நேர்ந்தது? இதற்கும் காரணம் உண்டு. ரொட்டி, தண்ணீர், உப்பு, வீடு, கை, தாய் போன்றவற்றுக்கான ஸ்பானியச் சொற்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறி அமெரிக்கக் கண்டத்துக்குப் போய்விட்டன. அவை எல்லா நாடுகளிலும் ஒன்றே. ஆனால் 1810க்கும் 1825க்கும் இடையில் அந்நாடுகளில் பெரும்பாலானவை ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து விடுபட்டுத் தனித்தனி நாடுகளாயின. நாம் இன்று அறிந்த கடைக் குழல் அதற்குப் பிறகு வந்த பொருள். முன்பு ரை என்னும் தானியத்தின் உலர்ந்த தண்டைத்தான் அமெரிக்காவில் குழலாகப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வைக்கோலின் பெயர் வந்ததும் அதனால்தான். 1888ஆம் ஆண்டு மார்வின் ஸ்டோன் என்ற அமெரிக்கர் காகிதக் குழலுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு பிளாஸ்டிக் குழல் வந்தது. நம் இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் அது தடை செய்யப்பட்டு, காகிதக் குழல் மறுபடியும் கைக்கு வந்திருக்கிறது. இந்தப் பொருள் ஒவ்வொரு நாட்டுக் கடைக்கும் வந்து சேர்ந்தபோது, அதற்குப் பெயர் வைக்கப் பொதுவான வீடு ஒன்றும் இல்லை. அவரவர் கண்ணுக்குப் பட்டபடி பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அது வைக்கோலாகத் தெரிந்தது. ஒருவருக்கு நாணலாகத் தெரிந்தது. ஒருவருக்கு உறிஞ்சும் செயலே பெயராயிற்று. மெக்சிகோ மக்களோ ஐரோப்பியச் சொல்லையே நாடவில்லை. ஸ்பானியர் வருமுன் அங்கு வழங்கிய நாவாட்டில் மொழியில், துடைப்பம் கட்ட உதவும் ஒரு புல்தண்டுக்கு இருந்த பெயரிலிருந்து 'போப்போத்தே' என்றார்கள். வெற்றி கொண்டவரின் மொழிக்குள் தோற்றவரின் சொல் இன்றும் அன்றாடம் வாழ்கிறது!

வளையும் குழலின் கதையும் மருத்துவமனையோடு தொடர்புடையது. ஜோசப் ஃபிரீட்மன் என்பவர், உயரமான கோப்பையிலிருந்து நேரான குழலால் குடிக்க இயலாமல் தம் சிறு மகள் தவிப்பதைக் கண்டார். குழலின் நடுவே மடிப்புகள் செய்து வளையவைத்தார். 1937இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1947இல் அதை முதன்முதலாக விலைக்கு வாங்கியது ஒரு மருத்துவமனைதான். படுத்த நிலையிலேயே நோயாளி குடிக்க அது உதவியது. நமக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றும் குழல், எழுந்து உட்கார முடியாதவருக்கு ஒரு கை போன்றது. அதன் பெயர் தெரியாமல் போவது சிறிய விஷயமா?

குழலோடு இது முடியவில்லை. குளிர்பதனப் பெட்டியைப் பாருங்கள். ஸ்பெயினில் 'ஃபிரிகோரீஃபிகோ' என்றும், பனியை நினைவூட்டும் 'நெவேரா' என்றும் சொல்வார்கள். கொலம்பியாவிலும் 'நெவேரா'தான். அர்ஜென்டினாவில் 'எலதேரா'. பெருவில் 'ரெஃப்ரிஹெரதோரா'. நாம் எழுதும் பந்துமுனைப் பேனா ஸ்பெயினில் 'பொலீகிராஃபோ', பெருவில் 'லபிசேரோ', அர்ஜென்டினாவில் 'பிரோமே'. ஹங்கேரியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் குடியேறி 1943இல் அங்கே அப்பேனாவுக்குக் காப்புரிமை பெற்ற பீரோ என்பவர் பெயரும், அவருடைய கூட்டாளி மெய்னே என்பவர் பெயரும் சேர்ந்து உண்டான சொல் அது. புதிய பொருள்களுக்கு மட்டுமே இந்த நிலை என்றும் சொல்ல முடியாது. மிகப் பழைய பொருளான கம்பளிப் போர்வை ஸ்பெயினில் 'மந்தா'. கொலம்பியாவிலும் மெக்சிகோவிலும் 'கொபீஹா'. பெருவிலும் அர்ஜென்டினாவிலும் 'ஃபிரசாதா'. குளிரில் நடுங்கும் நோயாளி கேட்பது இவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் கேட்ட தோழியர் சிலர், "தலைநகர் மொழிதானே சரியான மொழி? ஸ்பெயின் நாட்டுச் சொல்லை எழுதிவிட்டால் போதும், மற்றவை கொச்சை" என்று வாதாடினார்கள். பெற்றோர் சிலரும் அவ்வாறே கருதினார்கள். அவர்கள் கூற்றைத் தள்ளிவிடாமல் ஆராய்ந்தோம். ஸ்பெயினில் 1713ஆம் ஆண்டிலேயே மொழிக்காக அரச அகாதெமி ஒன்று நிறுவப்பட்டது உண்மை. ஆனால் 1951இல் மெக்சிகோவில் கூடிய மாநாட்டில், ஸ்பானியம் பேசும் நாடுகளின் அகாதெமிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உண்டாக்கின. 2010இல் அக்கூட்டமைப்பு அமெரிக்க நாட்டு வழக்குகளுக்கென்றே ஒரு பேரகராதியை வெளியிட்டது. அரச அகாதெமியின் சொந்த அகராதியிலேயே 'போப்போத்தே'யும் 'பித்தீயோ'வும் அவ்வந்நாட்டுக் குறியுடன் இடம்பெற்றுள்ளன. அகாதெமியே கொச்சை என்று தள்ளாத சொல்லை நாம் ஏன் தள்ள வேண்டும்? மேலும், ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் உலகில் ஏறத்தாழ 50 கோடிப் பேர். அவர்களுள் ஸ்பெயினில் வாழ்வோர் 5 கோடிக்கும் குறைவு. மெக்சிகோவில் மட்டும் மக்கள்தொகை சுமார் 13 கோடி. பத்தில் ஒரு பங்கினரின் சொல்லைச் சரி என்றும், மற்ற ஒன்பது பங்கினரின் சொல்லைத் தவறு என்றும் எப்படிக் கூறுவது?

இன்னொரு வாதமும் வந்தது. "எல்லாருக்கும் விளங்கும் ஒரு பொதுச் சொல்லைப் பயன்படுத்தினால் என்ன?" என்று கேட்டார்கள். இதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். பல நாடுகளுக்கும் போகும் திரைப்படங்களுக்குக் குரல் கொடுப்போர், எந்த நாட்டு வாடையும் வீசாத ஒரு நடுநிலை ஸ்பானியத்தைக் கையாள்கிறார்கள். பலருக்குப் பொதுவாக எழுதும்போது அது தேவைதான். சொல் தெரியாதபோது 'குடிக்கும் சிறு குழாய்' என்று விளக்கிச் சொல்வதும் நல்ல வழியே; மூத்த சகோதரியும் அதை எங்களுக்குச் சொன்னார்கள். ஆனால் இது நாம் பேசுவதற்கான வழி. பிறர் பேசுவதைக் கேட்க இது உதவாது. காய்ச்சலில் கிடக்கும் ஒருவர் பொதுச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அம்மாவிடம் கற்ற சொல்லில்தான் தண்ணீர் கேட்பார். அதைப் புரிந்துகொள்ள வேண்டிய கடமை படுத்திருப்பவருடையதன்று, பக்கத்தில் நிற்பவருடையது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: வீட்டுச் சொல் ஒன்றை மொழிபெயர்க்கும்போது, 'இதற்கு அந்த மொழியில் என்ன?' என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. 'யார் காதுக்கு? எந்த ஊரில்?' என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கேள்வி முழுமையாகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஊர் தெரியாமல் எழுதிய சொல்லும் அவ்வாறே.

இது ஒன்றும் புதிய பாடமன்று. நம் கடற்கரையிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. இன்றைய ஸ்பெயினைச் சேர்ந்த நவார் நாட்டில் பிறந்த புனித சவேரியார், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழறிந்த சிலரின் துணையோடு செபங்களைத் தமிழில் ஆக்கினார். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்ற சொல் விழுந்திருந்தது. 1544இல் தம் உடன்பணியாளர் மன்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், அது விருப்பத்தைக் குறிக்கும் சொல் என்றும், அதற்குப் பதிலாக 'விசுவாசம்' என்ற சொல்லைக் கையாள வேண்டும் என்றும் அவர் திருத்தினார். ஊராரிடையே வாழ்ந்து, தம் பிழையை உணர்ந்து, வெட்கப்படாமல் எழுதித் திருத்திக்கொண்டார். பெரியோரே இப்படிச் செய்திருக்க, அகராதியில் ஒரு வரி பார்த்துவிட்டு நாங்கள் கர்வம் கொண்டதை நினைத்து நாணினோம்.

நாணுவதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம். மெக்சிகோவின் துடைப்பப் புல்லைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்களுள் ஒருத்தி சட்டென்று மௌனமானாள். "நம் விடுதியில் நாம் செய்தது நினைவிருக்கிறதா?" என்றாள். நினைவிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி விடுதியில் புதிதாகச் சேர்ந்தாள். முதல் நாள் அறையைக் கூட்ட 'வாரியல்' எங்கே இருக்கிறது என்று கேட்டாள். துடைப்பம் என்போரும், விளக்குமாறு என்போரும், சீமாறு என்போரும் ஒன்றுகூடிக் கைகொட்டிச் சிரித்தோம். 'வாரியல்' என்றே அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தோம். அதன் பிறகு அவள் எங்கள் நடுவில் வெகு நாள் வாய் திறக்கவில்லை. எது வேண்டுமானாலும் தானே தேடி எடுத்துக்கொண்டாள். அவள் எங்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. கட்டிலில் கண்ணை மூடிக்கொண்ட அந்த மூதாட்டியைப் பற்றிக் கேட்டபோதுதான் உறைத்தது. அந்தச் சகோதரிக்காவது சொல் தெரியாமல் நடந்தது. எங்களுக்கோ பொருள் தெரிந்தே நடந்தது.

அவள் இப்போதும் எங்கள் வகுப்பில்தான் படிக்கிறாள். நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம். "அதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன்" என்றாள். உண்மையில் மறக்கவில்லை என்று அவள் முகம் காட்டியது. என்றாலும் அன்று மாலையே எங்கள் பட்டியல் வேலையில் வந்து சேர்ந்துகொண்டாள். பட்டியலைப் புதிய முறையில் எழுதலாம் என்ற யோசனையைச் சொன்னவளும் அவளே.

அந்தப் புதிய முறையைச் சொல்கிறோம். முன்பு மூன்று பத்திகள் இருந்தன. இப்போது ஐந்து: ஆங்கிலம், தமிழ், பெருவில் வழங்கும் சொல், கொலம்பியாவில் வழங்கும் சொல், பிறகு வெற்றாக விடப்பட்ட ஒரு பத்தி. நூறு சொற்கள் எழுபதாகக் குறைந்துவிட்டன. எங்களால் ஐயமின்றி உறுதி செய்ய முடிந்தவற்றை மட்டுமே எழுதினோம். அந்த எழுபதையும் மூத்த சகோதரி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். "வெற்றுப் பத்தி எதற்கு?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்கள். "அங்கே உள்ளவர்கள் சொல்லித்தரும் சொல்லை எழுதிக்கொள்ள, சிஸ்டர்" என்று பதில் சொன்னோம். பெரு என்பதும் ஒரே ஊர் அன்று; மலையும், கடற்கரையும், காடும் கொண்ட பெரிய நாடு. மலைப் பகுதியில் கெச்சுவா மொழியை வீட்டில் பேசுவோர் இலட்சக்கணக்கானோர். அவர்களுடைய சொற்கள் எந்தப் பத்தியில் வரும்? வெற்றுப் பத்தியில்தான்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ படிக்கவும் வேலை பார்க்கவும் நீங்கள் எங்களை அனுப்பும்போது, அந்த ஊர் மொழியை மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்கச் சொல்லாதீர்கள். அங்குள்ள சமையலறைச் சொல்லையும், நோயாளியின் சொல்லையும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். இளைய வகுப்புத் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்தில் இருக்கும் தோழி நீங்கள் கேட்டறியாத ஒரு சொல்லைச் சொன்னால், சிரிப்பதற்கு முன் அதன் பொருளைக் கேளுங்கள். கேட்டபின் உங்கள் நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு அதுவே ஒரு கட்டுரையாகும்.

சகோதரிகள் இருவரும் சென்ற மாதம் புறப்பட்டுவிட்டார்கள். பெருவுக்குச் செல்பவரின் பட்டியலில் 'கன்யீத்தா' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். அந்தக் கோட்டின் காரணம் அவர்களுக்குத் தெரியும். இனி எந்தக் கட்டிலருகிலும் பால் ஆறிப்போகாமல் இருக்க எங்கள் சிறு உழைப்பு ஓரளவேனும் உதவினால், அதுவே எங்களுக்குப் போதும்.